ஏற்காட்டுக் காப்பியும் இணையக் கடையும்: சிறு வணிகருக்கு வேண்டிய குணங்கள்

இணையத்தில் சிறு கடை தொடங்கப் பெரிய முதல் வேண்டியதில்லை. ஒரு கைப்பேசி, வங்கிக் கணக்கு, மின்தராசு, பொட்டலம் கட்ட ஒரு மேசை இருந்தால் வீட்டுத் திண்ணையே கடையாகிவிடும். முன்பணம், வாடகை, பெயர்ப்பலகை எல்லாம் இருந்த இடத்தில் கடைக்காரரின் குணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெருமுனைக் கடையில் முதலாளி சிடுசிடுப்பானவராக இருந்தாலும், பக்கத்தில் வேறு கடை இல்லாத காரணத்தால் ஆள் வரும். இணையத்தில் அடுத்த கடை ஒரு விரல் தள்ளலில் இருக்கிறது.

எந்தக் குணம் வேண்டும் என்பது ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவருக்கும், அங்கிருந்து மலையேறிப் போய் ஏற்காட்டில் காப்பித்தூள் விற்பவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. கொலுசு கெட்டுப்போவதில்லை; காப்பித்தூள் மணம் இழக்கும். கொலுசுக்காரருக்கு வாங்குபவரோடு பேரம் பேசிப் பழக்கம் உண்டு. காப்பிக்காரருக்கு, கீழே சொல்லப்போகும் காரணத்தால், அந்தப் பழக்கம் உண்டாகவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

அரை நூற்றாண்டுப் பழக்கம்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டரில் ஏற்காடு. சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,623 மீட்டர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்று நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இடையிடையே ஆரஞ்சு, பலா, கொய்யா. பெரிய எஸ்டேட்டுகள் ஒருபுறம் இருக்க, நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, வெள்ளக்கடைப் பக்கங்களில் மலையாளிப் பழங்குடியினரின் சிறு தோட்டங்களும் உள்ளன. இந்த மலையிலிருந்து இணையம் வழியே விற்கக்கூடிய சரக்கு பெரும்பாலும் இந்தத் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது: காப்பித்தூள், மிளகு, தேன், யூகலிப்டஸ் முதலான தைலங்கள், அவற்றைக் கொண்டு செய்யும் சோப்பு.

இவற்றில் காப்பிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரால் ஏற்றுமதி முடங்கியபோது, விலை சரியாமல் காக்க 1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. அதன்படி விளைந்த காப்பி முழுவதையும் விவசாயி காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். வாரியம் தரம் பிரிக்கும், ஏலம் போடும், கிடைத்த பணத்தைப் புள்ளிக்கணக்கில் பிரித்துத் தவணை தவணையாகக் கொடுக்கும். 1992-லிருந்து இந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் எல்லா விவசாயிகளும் தம் காப்பி முழுவதையும் விருப்பம்போல் விற்கும் உரிமை பெற்றனர்.

ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்த இந்த ஏற்பாடு விவசாயியை விலைவீழ்ச்சியிலிருந்து ஓரளவு காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது அவரிடம் சில குணங்களை வளர்த்தது, சில குணங்களுக்கு வேலையே வைக்கவில்லை. காப்பிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஆகவே பொறுமை வந்தது. களத்தில் காயும் கொட்டைமேல் மழை இறங்குமுன் தார்ப்பாயை இழுக்க வேண்டும். ஆகவே வானம் பார்க்கும் கண் வந்தது. தண்டுத் துளைப்பான் புழு விழுந்த செடியை அடையாளம் கண்டு பிடுங்கி எரிக்கும் கறார் வந்தது. ஆனால் தன் காப்பிக்குத் தானே விலை சொல்லவோ, அதற்கு ஒரு பெயர் வைக்கவோ, குடித்தவர் முகம் சுளித்தால் ஏனென்று கேட்கவோ அவருக்கு நேரவில்லை. 1996-க்குப் பிறகும் தோட்டத்துக்கே வந்து வாங்கும் வியாபாரியிடம் மூட்டை போனது. குடிப்பவர் கண்ணுக்குப் படவில்லை. இணையக் கடை வந்தபோதுதான் விளைவித்தவரும் குடிப்பவரும் முதன்முறையாக ஒரே உரையாடலில் வந்து நின்றார்கள். ஏற்காட்டில் இணைய வணிகத்துக்கு வேண்டிய குணங்கள் என்பவை பெரும்பாலும் அந்தப் பொதுத்தொகுப்புக் காலம் கேட்காமல் விட்ட குணங்கள்.

வி.பி.பி. காலத்து முன்னோடி

முகம் தெரியாதவருக்குத் தூரத்திலிருந்து சரக்கு அனுப்புவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தபால்துறை 1877-ல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது: பார்சலைத் தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம், அந்தப் பணம் அனுப்பியவருக்கு வந்துசேரும். இன்று கேஷ் ஆன் டெலிவரி என்று சொல்லப்படுவதற்கு அதுதான் தாத்தா. எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் சென்னையில் விளம்பரத் தொழிலும், தபால் மூலம் சரக்கு விற்கும் தொழிலும் நடத்திவந்தார். வாசகரை எழுத்தாலேயே இழுக்கத் தெரிந்த ஒருவர் அஞ்சல்வழி வணிகத்திலிருந்து வந்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தொட்டுப் பார்க்க முடியாத சரக்கை விற்பவருக்குச் சொல் மட்டுமே கடைக்கண்ணாடி. அன்று பார்சல் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பும் ஆட்களால் வந்த தொல்லையும் அப்படியே இன்றுவரை தொடர்கிறது.

ஆய்வுகள் சொல்வது

தொழில் தொடங்குபவரின் குணத்தை அளந்து பார்க்க முயன்ற ஆய்வுகளில் ஒன்று தென்னிந்தியாவிலேயே நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட் 1960களின் நடுவில் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த 52 சிறு வணிகர்களுக்கு, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில், சாதிக்கும் வேட்கையைத் தூண்டும் பயிற்சி கொடுத்தார். டேவிட் வின்டருடன் சேர்ந்து 1969-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கினர், கூடுதலாக முதல் போட்டனர், ஆட்களைச் சேர்த்தனர். சாதி வழக்கங்களில் ஊறியவர்கள் என்பது இதற்குத் தடையாக இருக்கவில்லை என்பது அன்றைய மேற்கத்திய அறிஞர்களுக்கு வியப்பளித்த முடிவு. தென்னிந்தியக் கடைத்தெருக்களை அறிந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

மெக்லெல்லண்ட் பயன்படுத்திய வளையம் எறியும் விளையாட்டு குறிப்பிடத் தக்கது. முளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் முளையை ஒட்டியும் நிற்கவில்லை, குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பித் தொலைவிலும் நிற்கவில்லை. முயன்றால் விழக்கூடிய நடுத்தூரத்தில் நின்றார்கள். தொழில்முனைவோர் என்றாலே துணிச்சல்காரர் என்று நினைக்கும் வழக்கத்துக்கு இது மாறானது.

அளவு கடந்த தன்னம்பிக்கையைப் பற்றி வேறொரு கணக்கு உண்டு. ஆர்னால்ட் கூப்பரும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரைக் கேட்டு 1988-ல் வெளியிட்ட ஆய்வில், 81 சதவீதத்தினர் தம் தொழில் வெல்லும் வாய்ப்பு பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றனர். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். அதே தொழிலில் மற்றவர்களுக்குள்ள வாய்ப்பை மட்டும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஜாவோவும் சைபர்ட்டும் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து, தொழில்முனைவோரையும் நிறுவன மேலாளர்களையும் ஐந்து ஆளுமைக் கூறுகளில் ஒப்பிட்டபோது, இரு சாராரும் மிகுதியாக வேறுபட்டது எடுத்த வேலையை முறையாக முடிக்கும் பொறுப்புணர்ச்சியில். தொழில்முனைவோரிடம் அது கூடுதலாக இருந்தது.

இவற்றைவிட ஏற்காட்டுக்கு நெருக்கமானது மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் நடந்த சோதனை. தலைநகர் லோமேயில் 1,500 மிகச்சிறு வணிகர்களை மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் முதலான வழக்கமான வணிகப் பயிற்சியும், இன்னொரு கூறுக்குத் தானாக முன்வந்து செய்யும் மனப்பாங்குக்கான பயிற்சியும் தந்தார்கள். மூன்றாம் கூறுக்குப் பயிற்சி எதுவும் இல்லை. 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவின்படி, மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சியின் பலன் 11 சதவீதம்; அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. பிறர் சொல்லுமுன் தொடங்குவது, வரப்போவதை முன்கூட்டிப் பார்ப்பது, தடை வந்தால் வேறு வழி தேடுவது என்ற மூன்றையும் அங்கே பாடமாகவே சொல்லித்தந்தார்கள். இந்தக் குணங்கள் பிறவியிலேயே வர வேண்டும் என்று காக்கிநாடாவும் சொல்லவில்லை, லோமேயும் சொல்லவில்லை.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவது

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உள்ள சரஸ் சரஸ்வதி, கார்னெகி மெலனில் ஹெர்பர்ட் சைமனிடம் ஆய்வு செய்த இந்தியர். அனுபவமிக்க 27 தொழில் நிறுவனர்களுக்கு ஒரே கற்பனைச் சிக்கலைக் கொடுத்து, அவர்கள் உரக்கச் சிந்திப்பதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். இலக்கை வைத்துவிட்டு அதற்கு வேண்டிய பொருளைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பது எது, தெரிந்தது எது, தெரிந்தவர் யார் என்பதிலிருந்தே அவர்களில் பெரும்பாலோர் தொடங்கினார்கள். எவ்வளவு லாபம் வரும் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு போனால் தாங்கும் என்று கேட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ இதற்கு நல்ல சான்று. சமையல் தெரிந்த தாத்தா, வயல்வெளி, பேரன்மார், ஒரு கேமரா என்று வீட்டில் இருந்தவற்றைக் கொண்டு தொடங்கிய அந்த யூடியூப் அலைவரிசை 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அலைவரிசை அதுதான்.

ஏற்காட்டில் கையில் இருப்பது என்ன? தோட்டம் உள்ளவருக்குக் கொட்டை இருக்கிறது. தோட்டம் இல்லாதவருக்கும் சுற்றுலாப் பயணி இருக்கிறார். மே மாதக் கோடை விழாவுக்கு வந்து ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்ட் பார்த்து, இறங்கும்போது கால்கிலோ காப்பித்தூள் வாங்கிப்போகும் குடும்பம்தான் இணையக் கடைக்கு மிக எளிதாகக் கிடைக்கும் வாடிக்கையாளர். பொட்டலத்தின் பின்புறம் ஒரு வாட்ஸ்அப் எண் அச்சிட்டிருந்தால், தூள் தீரும் மாதத்தில் திருச்சியிலிருந்து ஒரு செய்தி வரக்கூடும். முன்முயற்சி என்று ஆய்வாளர் சொல்வது நடைமுறையில் இந்த அளவு சிறியது. எண் அச்சிடுவது ஒருவருக்குத் தோன்றுகிறது. பக்கத்துக் கடைக்காரருக்குத் தோன்றுவதில்லை. தோன்றியவர் அந்த எண்ணுக்கு வரும் செய்திக்கு அன்றே பதில் போடுகிறாரா என்பது அடுத்த கேள்வி.

கணக்கு பார்க்கும் குணம்

இணைய வணிகத்தில் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பது கணக்கு. ஏறக்குறைய ஆறு கிலோ காப்பிப் பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். அதை வறுக்கும்போது ஈரம் போய் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். ஒரு பேச்சுக்குப் பச்சைக்கொட்டை கிலோ 500 ரூபாய், வறுவல் இழப்பு 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வறுத்த காப்பியின் அடக்கம் கிலோ சுமார் 610 ரூபாய். 250 கிராம் பொட்டலத்தில் காப்பி மட்டுமே 152 ரூபாய். கொட்டைக்கு ஐந்நூறு கொடுத்ததால் கால்கிலோவுக்கு 125 என்று மனக்கணக்குப் போட்டவர் பொட்டலத்துக்கு 27 ரூபாயைத் தொடக்கத்திலேயே தொலைத்துவிட்டார். விறகோ கேஸோ, உறை, லேபிள், அட்டைப்பெட்டி, பணம் பெறும் தளத்தின் கழிவு எல்லாம் இனிமேல்தான் வரும். பச்சைக்கொட்டைக்கு இல்லாத ஜி.எஸ்.டி. வறுத்த காப்பிக்கு 5 சதவீதம் உண்டு.

அனுப்பும் செலவில் இரண்டு பள்ளங்கள். கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோ அடுக்காகக் கணக்கிடப்படுவதால், 250 கிராம் பொட்டலம் ஒன்றை அனுப்பினாலும் 500 கிராமுக்கான கட்டணம்தான். இரண்டாகச் சேர்த்து வாங்கச் சொல்லத் தெரிந்த கடைக்காரருக்கு ஒரே கட்டணத்தில் இரட்டை விற்பனை. அடுத்தது, பெட்டியின் பருமன். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பல நிறுவனங்கள் எடையாக எடுத்துக்கொள்ளும். இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. வீட்டில் கிடந்த 30 × 20 × 15 பெட்டியில் கால்கிலோ தூளைப் போட்டு, மீதி இடத்துக்குச் செய்தித்தாளைத் திணித்து அனுப்பினால் அதன் கணக்கு எடை 1.8 கிலோ. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் பலரும். பட்டதும் டேப்பை எடுத்துப் பெட்டியை அளப்பவர்கள் நிலைக்கிறார்கள்.

பணம் பெறுவது 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு எளிதாகிவிட்டது. ஆனாலும் பார்சல் கைக்கு வந்தபின்தான் பணம் என்று கேட்பவர் இன்னும் உண்டு. வாங்க மறுத்தால் போகவரக் கட்டணம் இரண்டும் கடைக்காரர் தலையில். காப்பித்தூளுக்கு இதில் கூடுதல் நட்டம்: இரண்டு மூன்று வாரம் ஊர்சுற்றித் திரும்பிய தூளில் பழைய மணம் இருக்காது, அதை இன்னொருவருக்கு அனுப்பக் கூடாது. எவ்வளவு வரை திரும்பி வந்தால் வீட்டு அடுப்பு எரியும் என்ற எல்லையை முன்கூட்டியே போட்டுக்கொள்வது சரஸ்வதி சொன்ன தாங்கும் நட்டத்தின் ஏற்காட்டு வடிவம். தோட்டத்தை அடகு வைத்துப் பெரிய வறுக்கும் இயந்திரம் வாங்கித் தொடங்குவது வளையத்தைத் தொலைவிலிருந்து எறிவதைப் போன்றது.

நாள் தவறாமை

பொறுப்புணர்ச்சிக்கு மலையில் ஒரு தனிச் சோதனை உண்டு. ஏற்காட்டின் அஞ்சல் எண் 636601. கூரியர் நிறுவனங்களில் சில இந்த எண்ணுக்குச் சரக்கைக் கொண்டுவந்து தரும், ஆனால் வீட்டுக்கு வந்து எடுத்துப்போகாது. சில இரண்டும் செய்யும், ஆனால் நாள் விட்டு. ஆகவே பார்சலை யாராவது சேலத்துக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டை நம்ப வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறையோ மண்ணோ சரிந்தால் குப்பனூர் வழி சுற்ற வேண்டும். கோடை விழா நாட்களில் நெரிசலில் வண்டி நகராது. கீழே இருக்கும் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது; தெரிந்தாலும் அது அவர் கவலை இல்லை.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் நாட்காட்டியில் இருக்கிறது. அராபிகா பழம் சிவந்து பறிப்புக்கு வருவது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும், கழுவ வேண்டும், களத்தில் பரப்பிப் பத்து நாளைப்போல் காயவைக்க வேண்டும், இடையில் வடகிழக்குப் பருவமழை. இணையக் கடைக்கு ஆர்டர் குவியும் பொங்கல் பருவமும் அதே சமயம். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் களத்தில் நிற்கும்போது கைப்பேசியில் ஏழு ஆர்டர் வந்து கிடக்கும். இங்கேதான் பொதுத்தொகுப்புக் காலத்துப் பழக்கம் குறுக்கே வருகிறது: விளைச்சல் வேலைதான் வேலை, மற்றது ஒழிந்த நேரத்தில் என்ற எண்ணம். அந்த ஏழு பேரும் சொன்ன நாளில் தூள் வராவிட்டால் எட்டாம் நாள் வேறு ஊர்த் தூளைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

வேகம் தேவை என்பதைவிடச் சொன்ன நாள் தவறாமை தேவை என்பதே சரி. வாரம் இரண்டு நாள்தான் வறுப்போம், புதனும் சனியும்தான் சேலத்துக்குப் பார்சல் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அதன்படி நடப்பவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கே அனுப்புகிறேன் என்று வாய்தவறிச் சொன்னவரிடம்தான் சண்டை.

லேபிளில் இருக்கும் நேர்மை

நேர்மை என்பது உபதேசச் சொல்லாகத் தோன்றலாம். காப்பி வணிகத்தில் அது எண்ணாக அச்சிடப்படுகிறது. சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் விகிதமும் உறைமேல் தெரிய வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி விலை மலிவு, டிகாஷனைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் காட்டும். கலப்பது குற்றமில்லை, தமிழ்நாட்டில் சிக்கரியோடுதான் காப்பி என்று வளர்ந்த நாக்குகள் ஏராளம். கலந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் அதே உறையில் இடம்பெற வேண்டும்.

‘ஆர்கானிக்’ என்ற சொல் இன்னொரு சபலம். மருந்தடிக்காத தோட்டம் என்று மனசாட்சிப்படி சொல்ல முடிந்தாலும், அந்தச் சொல்லை உறையில் போட உரிய சான்றிதழ் வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் மிகச்சிறு உற்பத்தியாளருக்கு மட்டும் 2017 விதிகள் சலுகை தருகின்றன. சான்று இல்லாதவர் உள்ளதை விவரமாக எழுதினாலே போதும். ‘உயர்தரமான, சுத்தமான, இயற்கையான மலைக் காப்பி’ என்ற வரியில் ஒரு தகவலும் இல்லை. ‘நாகலூர்ப் பக்கத்துத் தோட்டம், அராபிகா, இந்த மார்கழியில் பறித்தது, சிக்கரி இல்லை, நடுத்தர வறுவல், ஃபில்டருக்கு அரைத்தது, வறுத்த நாள் பிப்ரவரி 12’ என்று எழுதினால் படிப்பவர் கண்முன் ஒரு தோட்டம் வருகிறது. அடைமொழியை விட்டுவிட்டு விவரத்தை எழுதும் இந்தப் பழக்கம் சிறு வணிகரின் குணப் பட்டியலில் சேர்க்கப்படுவது அரிது; சேர்க்க வேண்டிய ஒன்று.

டிகாஷன் இறங்காத புகார்

முகம் தெரியாதவரின் கோபத்தை வாங்கிக்கொள்ளும் பொறுமை, தோட்டக்காரருக்கு வரவேண்டிய குணங்களில் கடினமானது. “உங்க தூள்ல டிகாஷன் இறங்கவே மாட்டேங்குதுங்க” என்று ஒரு செய்தி வருகிறது. இரண்டு நூற்றாண்டாகக் காப்பி விளையும் மலைக்காரருக்கு இது அவமானமாகப் படலாம். “நல்ல காப்பி குடிச்சுப் பழக்கம் இல்லை போல” என்று பதில் போட்டால் கதை முடிந்தது. “எந்த ஃபில்டர்ங்க, பித்தளையா எவர்சில்வரா? தூளை அழுத்திப் போடுறீங்களா?” என்று கேட்டால் காரணம் பிடிபடும்: அரைவை அந்த ஃபில்டரின் துளைக்கு மிக நைசாக இருந்திருக்கும். தண்ணீராக இறங்குகிறது என்று புகார் வந்தால் அரைவை பெருவெட்டு. அடுத்த முறை அவர் பெயருக்கு நேரே நோட்டில் ‘கொஞ்சம் கரகர’ என்று குறித்து வைத்தால் அவர் வேறு கடைக்குப் போகும் வாய்ப்பு குறைவு.

பை உப்பிப்போய் வந்திருக்கிறது, கெட்டுவிட்டது என்றொரு புகாரும் வருவதுண்டு. உண்மையில் புதிதாக வறுத்த காப்பி சில நாட்களுக்குக் கரியமிலவாயுவை வெளியிடும். வாயு வெளியேற மட்டும் வழிவிடும் வால்வு இல்லாத உறை பலூனாகும். உப்பல் புதுமையின் அடையாளம் என்பதைக் கோபித்தவருக்குப் புரியவைக்கச் சரக்கறிவும் நிதானமும் சேர்ந்து வேண்டும். 2020-ல் வந்த இணைய வணிக நுகர்வோர் விதிகள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. சட்டம் தரும் அவகாசம் அது. வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்த பிறகு வாடிக்கையாளர் தரும் அவகாசம் சில மணி நேரம்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பதும் ஒரு குணம்தான். 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு வணிகர் தம் மாநிலத்துக்குள் மட்டும் சந்தைத்தளங்கள் வழியே விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாநில எல்லையைத் தாண்டி விற்றால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். ஓசூருக்கு அனுப்பும் பொட்டலத்துக்கும், அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கர்நாடக எல்லைக்குள் உள்ள அத்திபெலேக்கு அனுப்பும் பொட்டலத்துக்கும் சட்டத்தில் இவ்வளவு வித்தியாசம். இதைச் சேலம் மாவட்டத் தொழில் மையத்திலோ ஒரு வரி ஆலோசகரிடமோ போய்க் கேட்கத் தயங்குபவர், பெங்களூரு ஆர்டரை வாங்கிவைத்துக்கொண்டு விழிக்க நேரும்.

குணம் மட்டும் போதுமா

குணத்தைப் பற்றிப் பேசும் எழுத்துகள் எளிதில் மறப்பது ஒன்று உண்டு. வறுக்கும் இயந்திரம் உள்ளவரும், மூன்று மாதத்துக்குக் கொட்டை வாங்கி வைக்கப் பணம் உள்ளவரும், ஆங்கிலப் படிவத்தைத் தாமே நிரப்பத் தெரிந்தவரும் ஓட்டத்தில் முன்னாலேயே நிற்கிறார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் குக்கிராமத்தில், வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் பகலில் கணவரோடு வெளியே போய்விடும் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு எவ்வளவு பொறுமையும் முன்முயற்சியும் இருந்தாலும் ஆர்டருக்கு அன்றே பதில் போட முடியாது. இதைக் குணக்குறை என்று எழுதினால் பிழை.

நீலகிரியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியிலிருந்து கிளைத்த ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ தேன், காப்பி, மிளகு போன்றவற்றைக் கடைகளிலும் இணையத்திலும் விற்கிறது. 2013-ல் பதிவான ‘ஆதிமலை’ பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் சேகரிப்பையும் பதப்படுத்தலையும் பார்த்துக்கொள்கிறது. தேன் எடுக்கப் பாறையில் இறங்கும் துணிவுள்ளவரே புகாருக்குப் பதில் எழுதும் பொறுமையும் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை என்பது அந்த ஏற்பாட்டின் உட்கருத்து.

ஒரு குடும்பத்துக்குள்ளும் இந்தப் பங்கீடு நடக்கும். பதம் அறிந்து வறுப்பவர் ஒருவர். நெருப்பை விட்டு நகராதவர், பேச்சு வராதவர். டிகாஷன் புகாருக்குப் பதில் போடுவது மருமகள். லேபிளுக்கு வாசகம் எழுதிப் படம் எடுத்து ஏற்றுவது சேலத்தில் கல்லூரி படிக்கும் பேத்தி. ஒவ்வொரு பொட்டலத்தின் கணக்கையும் நோட்டில் எழுதி, பெட்டியை டேப்பால் அளந்து, புதனும் சனியும் காலை வண்டியில் பார்சலோடு 20 வளைவு இறங்கிப் போய்விட்டு மாலையில் திரும்புபவர் இன்னொருவர்.